புகையை நிறுத்தியதும் ஈறில் ரத்தம் வருகிறதே, டாக்டர்?

சோமனூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்திருக்கும் கடிதம் இது. எழுதியவருக்கு வயது 44. விசைத்தறிக் கூடத்தில் பெரும்பாலும் நைட் ஷிப்ட். 22 வருடமாகச் சிகரெட் பழக்கம், நாளைக்கு 12 முதல் 15 வரை. கூலி இழுபறியாகும் வாரங்களில் பீடி. பிளஸ் டூ படிக்கும் மகள் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போய், "உங்க வாயி நாறுதுங்கப்பா" என்றாளாம். மறுநாளே நிறுத்திவிட்டார். இது ஐந்தாவது வாரம்.

மூன்றாவது வாரத்தில்தான் பிரச்சினை ஆரம்பித்திருக்கிறது. பல் விளக்கித் துப்பினால் எச்சில் சிவப்பாக வருகிறது. காலையில் தலையணை உறையில் கறை. டவுனில் ஒரு பல் மருத்துவரிடம் போயிருக்கிறார். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு இறங்கியிருக்கிறது, நான்கு தடவையாக வந்து ஈறுக்கு அடியில் சுத்தம் செய்துகொள்ள வேண்டும், கீழ்வரிசை முன்பல் ஒன்றையும் மேல்வரிசைக் கடைவாய்ப் பல் ஒன்றையும் எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் மாமனாருக்குச் சம்மதமில்லை. சுத்தம் செய்தால் இருக்கிற பல்லும் ஆடும், மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்கிறார். பேக்கரியில் டீ குடிக்கும் கூட்டாளியோ, "ஒடம்பு பழகுனத திடீர்னு நிறுத்தக் கூடாது, நாளைக்கு ரெண்டு மட்டும் இழு, இல்லீன்னா ஹான்ஸ் வெச்சுக்க" என்று யோசனை சொல்கிறார். பிடுங்கிய இடத்தில் ஸ்க்ரூ பல் (எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல்) வைத்துக்கொள்ளலாமா என்பது இவருடைய இன்னொரு கேள்வி. கடிதத்தின் கடைசி வரியை அப்படியே தருகிறேன்: "22 வருசமா ஒரு சொட்டு ரத்தம் பாத்ததில்லீங்க. நிறுத்துன பொறகுதான் வருது. அப்ப நான் நிறுத்துனது தப்புங்களா?"

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கே முதலில் வருகிறேன். நீங்கள் நிறுத்தியது தப்பே இல்லை. இந்த 22 வருடத்தில் உங்கள் வாய்க்கு நீங்கள் செய்த மிகப் பெரிய நல்லது அதுதான். ரத்தத்தைப் பார்த்துப் பயந்து மறுபடி பற்றவைத்துவிடாதீர்கள். இன்று இராத்திரி ஷிப்டுக்கும் இதே பதில்தான். மற்றவற்றை நிதானமாகப் படியுங்கள்.

இத்தனை வருடம் ஏன் ரத்தம் வரவில்லை?

ஈறு நோய் வந்தால் ஈறு சிவக்கும், வீங்கும், பிரஷ் பட்டால் ரத்தம் கசியும். உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை அது. சிகரெட்டில் இருக்கும் நிக்கோட்டின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. வருடக்கணக்கில் இப்படியே போனால் ஈறில் ரத்த ஓட்டம் மந்தமாகி, அந்த எச்சரிக்கை அடங்கிப்போகிறது. அடியில் நோய் மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. புகைப்பவர்களின் ஈறு பார்வைக்கு வெளிறி, தடித்து, கெட்டியாக இருக்கும். பார்க்கிறவர்கள் "நல்ல உறுதியான ஈறு" என்றுகூடச் சொல்வார்கள்.

சில வருடம் முன்பு பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார், ஐம்பதைத் தாண்டியவர். மகன் கல்யாணத்துக்கு முன்னால் பல்லில் இருக்கும் கறையை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்றார். ஈறில் சிவப்பில்லை, வீக்கமில்லை. நாங்கள் ஈறை அளக்க ஒரு மெல்லிய கம்பி வைத்திருப்போம். முனை மழுங்கியிருக்கும், மில்லிமீட்டர் கோடு போட்டிருக்கும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலிருக்கும் இடுக்கில் மெதுவாக இறக்கினால், நல்ல ஈறில் 1 முதல் 3 மில்லிமீட்டரில் நின்றுவிடும். அவருடைய மேல்வரிசை முன்பல்லின் பின்பக்கம், அண்ணத்தை ஒட்டி இறக்கினேன். 3 தாண்டியது, 5 தாண்டியது, 7-ல் போய்த்தான் நின்றது. கம்பியை வெளியே எடுத்தேன். நுனியில் ஒரு பொட்டு ரத்தமில்லை. "வலியே தெரியலீங்களே" என்றார் அவர். அந்த ஈறு எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. புகைப்பவர்களுக்கு அண்ணத்தை ஒட்டிய அந்தப் பகுதியில்தான் அழிவு அதிகமாக இருக்கும். கண்ணாடியில் பார்த்தால் தெரியாத இடம் அது.

புகை ரத்தத்தை அடக்குவதோடு நிற்பதில்லை. கிருமியைத் துரத்திப் பிடித்து அழிக்கும் வெள்ளை அணுக்களின் திறனைக் குறைக்கிறது. ஈறைப் பழுதுபார்க்கும் செல்கள் புது இழை நெய்வதைத் தடுக்கிறது. பிராணவாயு குறைந்த இடுக்கில் செழிக்கிற கிருமிகளுக்கு வசதி செய்து கொடுக்கிறது. பல்லை எலும்போடு பிடித்திருப்பவை ஆயிரக்கணக்கான நுண் இழைகள். தறியில் பாவு இழை அறுந்தால் நீங்கள் முடிச்சுப் போட்டுத் தறியை ஓட்டிவிடுவீர்கள். இந்த இழை அறுந்து எலும்பும் கரைந்துவிட்டால், எல்லா இடத்திலும் எங்களால் முடிச்சுப் போட முடிவதில்லை. அதனால்தான் மிச்சமிருப்பதைக் காப்பாற்ற இவ்வளவு அவசரப்படுத்துகிறோம்.

நீங்கள் நிறுத்திய பிறகு ஈறில் ரத்த ஓட்டம் திரும்புகிறது. அடங்கிக் கிடந்த எச்சரிக்கை இப்போது கேட்கிறது. நிறுத்திய 4 முதல் 6 வாரத்துக்குள் ஈறில் ரத்தக் கசிவு கூடுவதை ஆராய்ச்சியாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். நோய் ஏற்கெனவே இருந்தது, இப்போது வெளியே தெரிகிறது. சிலருக்கு இதே வாரங்களில் வாய்ப்புண்ணும் வரும், தானாக ஆறிவிடும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லா ரத்தத்துக்கும் இதுவே காரணம் என்று இருந்துவிடக் கூடாது. சும்மா இருக்கும்போதே ரத்தம் நிற்காமல் வந்தாலோ, உடம்பில் அடிபடாமலே நீலம் பாய்ந்தாலோ, கூடவே காய்ச்சலும் களைப்பும் இருந்தாலோ உடனே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இதய நோய்க்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் பல் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

உங்கள் நோய் எந்த நிலையில் இருக்கும்?

எக்ஸ்ரேயைப் பார்க்காமல் நான் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் உங்கள் கணக்கு லேசானதில்லை. 2000-ல் வெளியான அமெரிக்கத் தேசிய ஆய்வு ஒன்றில், புகைக்காதவர்களைவிடப் புகைப்பவர்களுக்கு முற்றிய ஈறு நோய் இருக்கும் வாய்ப்பு சுமார் 4 மடங்காக இருந்தது. நாளைக்குப் பத்துக்குக் கீழே பிடித்தவர்களுக்கே கிட்டத்தட்ட 3 மடங்கு, முப்பதுக்கு மேல் போனவர்களுக்கு ஏறக்குறைய 6 மடங்கு. இப்போது உலகம் முழுக்க நாங்கள் பயன்படுத்தும் வகைப்பாடு 2018-ல் வெளியானது. நோய் எவ்வளவு வேகமாக முற்றும் என்பதை அது ஏ, பி, சி என்று பிரிக்கிறது. நாளைக்குப் பத்து சிகரெட்டோ அதற்கு மேலோ பிடித்தால் சி, அதாவது அதிவேகம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தாலும் அதே சி.

இங்கேதான் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வந்த ஒரு வரி என்னை நிறுத்தியது. அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது, நீங்கள் இதுவரை பார்த்ததே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 44 வயதில் பல் ஆடுகிறவர் சர்க்கரையைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. இந்த வாரமே பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். சர்க்கரை இருந்தால் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் இருந்தால் சர்க்கரையும் கட்டுக்குள் வராது. இரண்டும் இருப்பவர்களுக்கு ஈறைச் சரிசெய்தாலே அந்த மூன்று மாதச் சராசரி சுமார் 0.4 சதவீதப் புள்ளி குறைவதைப் பார்த்திருக்கிறார்கள்.

மாமனார் சொல்வதில் உள்ள பயம்

அவர் உங்கள் மேல் அக்கறையில்தான் சொல்கிறார், வீணாகச் சண்டை வேண்டாம். அவர் கண்ணால் பார்த்ததும் உண்மையாகவே இருக்கலாம். யாராவது சுத்தம் செய்துகொண்டு வந்து, "பல்லு ஆடுதே, சந்து விழுந்துருச்சே" என்று புலம்பியிருப்பார்கள். பந்தல் காலைச் சுற்றிக் கரையான் புற்றுக் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காலை அந்தப் புற்றே தாங்கிப் பிடித்திருப்பதுபோலத் தோன்றும். உள்ளே அதைத் தின்றுகொண்டிருப்பதும் அந்தக் கரையான்தான். பல்லில் கல்போலக் கெட்டியாகப் படிந்த அழுக்கு, அதாவது காரை, அப்படிப்பட்டது. காரையை எடுத்ததும் ஏற்கெனவே கரைந்த எலும்பின் இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது, வீக்கம் வற்றி வேர் கொஞ்சம் வெளியே வருகிறது. சில நாள், சிலருக்குச் சில வாரம் பல் கூசும். கொஞ்சம் தளர்ந்தாற்போலவும் இருக்கும். ஈறு இறுகியதும் பல பற்களில் ஆட்டம் குறைந்துவிடும்.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போகும் என்பதில் உண்மை இல்லை. பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. இதைப் பொறுமையாக விளக்கிச் சொல்லுங்கள். முடிந்தால் அடுத்த தடவை அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அந்த மருத்துவர் சொன்ன நான்கு தடவைச் சுத்தம் வழக்கமான முறைதான். மரத்துப்போக ஊசி போட்டு, வாயை நான்கு பகுதியாகப் பிரித்துக்கொண்டு, ஈறுக்கு அடியில் வேரின் மேலிருக்கும் காரையைச் சுரண்டி எடுப்பார்கள். ஊசி போட்டுச் செய்வதால் வலி பொறுத்துக்கொள்ளும்படியாகத்தான் இருக்கும். மூன்று மாதம் பொறுத்து மறுபடி ஈறை அளக்க வேண்டும். அப்போதும் 6 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமாக நிற்கும் இடங்களில் ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் சிறு அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்பு. புகைப்பவர்களுக்கு இதே சிகிச்சை பாதிப் பலன்தான் கொடுக்கும். நீங்கள் நிறுத்தியிருக்கிறீர்கள், முழுப் பலனை வாங்கிக்கொள்ள ஏற்ற நேரம் இதுதான். "இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம்" என்று தள்ளாதீர்கள்.

பிடுங்கச் சொன்ன இரண்டு பற்கள்

எடுக்கச் சொன்னவர் தவறாகச் சொல்லிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். எக்ஸ்ரே அவர் கையில் இருக்கிறது. ஆனால் முடிவெடுக்கும் உரிமை உங்களுடையது. எக்ஸ்ரே நகலையும், ஒவ்வொரு பல்லின் ஈறு அளவை எழுதிய சீட்டையும், சிகிச்சையின் படிகளையும் செலவையும் எழுத்தில் கேளுங்கள். இன்னொரு மருத்துவரிடம் காட்ட விரும்பினால் தயங்காமல் காட்டுங்கள். அதற்காக யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. செலவு பயமாக இருந்தால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல் பிரிவு இருக்கிறது. பல் மருத்துவக் கல்லூரிகளில் ஈறு நோய்க்கென்றே தனித் துறை உண்டு, கட்டணமும் குறைவு.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இந்தப் பல் பக்கவாட்டில் மட்டும் ஆடுதுங்களா, மேலும் கீழுமாகவும் அமுங்குதுங்களா?" மேலும் கீழும் அமுங்கும் பல்லைக் காப்பாற்றுவது பெரும்பாலும் முடியாது. சீழ் வைத்தால் பக்கத்துப் பல்லின் எலும்பும் சேர்ந்து போகும், எடுத்துவிடுவதே நல்லது. பக்கவாட்டில் மட்டும் ஆடுகிறது என்றால், முதலில் சுத்தம் செய்து, தேவையானால் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் கட்டி, மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா என்று கேளுங்கள். கீழ் முன்பல்லை எடுத்தேயாக வேண்டும் என்றாலும் அன்றைக்கே பொக்கையாகத் திரிய வேண்டியதில்லை. உங்கள் பல்லின் மேல்பகுதியையே வெட்டி, பக்கத்துப் பற்களோடு ஒட்டித் தற்காலிகமாக வைக்க முடியும். பல பேருக்கு இது தெரிவதில்லை, கேட்டால்தான் நடக்கும்.

ஸ்க்ரூ பல்லுக்கு இப்போது அவசரம் வேண்டாம். புகைப்பவர்களுக்கு அது பிடிக்காமல் போவது, புகைக்காதவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. ஈறு நோய் அடங்காத வாயில் வைத்தால் ஸ்க்ரூவைச் சுற்றியும் அதே நோய் வந்து எலும்பைக் கரைக்கும். பெரிய தொகை. கடன் வாங்கி வைத்து இரண்டு வருடத்தில் கழன்று கையோடு வந்தவர்களைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். முதலில் ஈறு அடங்கட்டும், சர்க்கரை தெரியட்டும், புகையில்லாமல் சில மாதம் போகட்டும். அதுவரை கழற்றி மாட்டும் பல் போதும்.

பேக்கரி கூட்டாளியின் யோசனைகள்

நாளைக்கு இரண்டு என்பது நாளைக்கு இரண்டாக நிற்பதில்லை. பெட்டிக்கடையில் லூஸில் ஒன்று வாங்கி, அங்கே தொங்கும் கயிற்று நெருப்பில் பற்றவைத்தால், ஒரு மாதத்தில் பழைய கணக்குக்கே போய்ச் சேர்வதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஈறை விடுங்கள், இதயத்துக்கு ஒன்றே ஒன்றும் ஆபத்துதான். நாளைக்கு இருபது பிடிப்பவருக்கு வரும் கூடுதல் இதய நோய் ஆபத்தில் கிட்டத்தட்டப் பாதி, ஒன்று மட்டும் பிடிப்பவருக்கும் வருகிறது.

பீடி இலைதானே, லேசுதானே என்ற எண்ணமும் தவறு. இலைச்சுருள் சீக்கிரம் அணைந்துபோகும் என்பதால் அடிக்கடி இழுக்க வேண்டும். சிகரெட்டைவிடத் தாரும் கார்பன் மோனாக்சைடும் அதில் அதிகமாக உள்ளே போகும். ஹான்ஸில் புகை இல்லை, உண்மைதான். அதை ஒதுக்கி வைக்கும் இடத்தில் ஈறு கரைந்து வேர் வெளியே வரும், கன்னத்தில் வெள்ளைத் திட்டு வரும், புற்றுநோயும் அங்கிருந்து வரும். எலக்ட்ரானிக் சிகரெட்டை யாராவது காட்டினால், 2019-லேயே சட்டத்தால் தடை செய்யப்பட்ட பொருள் அது என்பதை நினைவில் வையுங்கள்.

ஐந்து வாரத்தில் மோசமான பகுதியைக் கடந்துவிட்டீர்கள். இனி வருவது இராத்திரி இரண்டு மணி ஆசை. தறிச் சத்தத்துக்கு நடுவில் கண் சொருகும்போது கை தானாகச் சட்டைப் பையைத் தேடும். அந்த ஆசை பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தணிந்துவிடும். தண்ணீர் குடியுங்கள், கொஞ்சம் சோம்பு வாயில் போடுங்கள், கூடத்தை விட்டு வெளியே வந்து ஒரு சுற்று நடங்கள். டீக்கு வேறு கடை பாருங்கள், ஒரு மாதத்துக்கு மட்டுமாவது. கூட்டாளியிடம் நேராகவே சொல்லுங்கள்: "எனக்கு நீட்டாதீங்க" என்று.

தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்றால் 1800-11-2356 என்ற தேசிய எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். சிகரெட் அட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள். நிக்கோட்டின் மாற்று மருந்து தேவைப்பட்டால் ஒன்றைக் கவனியுங்கள். மெல்லும் கம் வகையைத்தான் கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுப்பார். ஆடும் பல்லோடு அதை மெல்ல முடியாது. தோலில் ஒட்டும் பட்டை உங்களுக்கு ஏற்றது, எந்த அளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

வீட்டில் இன்றிலிருந்து

ரத்தம் வரும் இடத்தைத் தொடாமல் விட்டுவிட்டு விளக்குகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் நன்றாக விளக்க வேண்டும். மென்மையான பிரஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்து, அழுத்தாமல், காலையும் படுக்கும் முன்னும் இரண்டிரண்டு நிமிடம் விளக்குங்கள். உங்களுக்குப் படுக்கும் நேரம் விடியற்காலை என்பதால், ஷிப்ட் முடிந்து வந்து படுக்கும் முன்னால். பல் சந்துகளுக்கு அதற்கென்றே கிடைக்கும் சின்னப் பிரஷ். கரிப்பொடியும் செங்கல் பொடியும் வேண்டவே வேண்டாம். உப்புத் தண்ணீர் கொப்பளிப்பதில் தவறில்லை, இதமாக இருக்கும், ஆனால் ஈறுக்கு அடியிலிருக்கும் காரைக்கு அது எட்டாது. மெடிக்கலில் சொல்லி ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்காதீர்கள். வீக்கம் இரண்டு நாள் தணியும், நோய் அப்படியே இருக்கும்.

நாக்கின் ஓரம், கன்னத்தின் உள்பக்கம், நாக்குக்கு அடியில் என்று வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வாய் முழுக்கத் திறக்க முடியாமை, இவற்றில் எது இருந்தாலும் அடுத்த தடவைக்குக் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

கரைந்த எலும்பு முழுக்கத் திரும்பும் என்று உங்களுக்கு நான் ஆசை காட்டமாட்டேன். ஆனால் நிறுத்தியவர்களின் ஈறு வருடா வருடம் தேறுகிறது. முன்பு சொன்ன அதே அமெரிக்க ஆய்வில், நிறுத்திப் பதினொரு வருடமானவர்களின் ஈறு நோய் ஆபத்து, புகையே பிடிக்காதவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. பதினொரு வருடத்தில் உங்களுக்கு 55 வயது. உங்கள் மகளுக்குக் கல்யாணமாகிப் பேரன் பேத்தி வந்திருக்கலாம்.

வாய் நாற்றத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதில்தான் எல்லாம் தொடங்கியது. அந்த நாற்றத்தில் சிகரெட்டின் பங்கு ஏற்கெனவே போயிருக்கும். மிச்சம் இருப்பது ஈறு இடுக்கில் தேங்கும் கிருமிகளால் வருவது. நான்கு தடவைச் சுத்தமும் முடிந்த பிறகு மகளிடமே கேட்டுப் பாருங்கள்.

சர்க்கரை முடிவையும் ஈறு அளவுச் சீட்டையும் எடுத்துக்கொண்டு முதல் சுத்தத்துக்கு நாள் குறித்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து அளக்கும்போது வரும் எண்களை, பழைய எண்களோடு சேர்த்து எனக்கு எழுதி அனுப்புங்கள். இரண்டையும் பார்த்து, அந்தக் கடைவாய்ப் பல்லைப் பற்றி அப்போது விரிவாகப் பேசலாம்.